டிரிக்கர் ஏன் வரவில்லை? அனலாக் டிரிக்கர் பழுதைத் தேட வேண்டிய இடங்கள்

லேப்வியூ என்ற அளவீட்டு மென்பொருளில் அனலாக் டிரிக்கர், அதாவது சிக்னல் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது பதிவைத் தொடங்கும் ஏற்பாடு, போட்டுப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் −200284 என்ற பிழை எண்ணைச் சந்திப்பார்கள். கேட்ட சாம்பிள்கள் (சிக்னலை அடுத்தடுத்து அளந்த மதிப்புகள்) இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஏன் வரவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. டிரிக்கர் நிகழவே இல்லையா, நிகழ்ந்தும், சிக்னலை அளந்து கணினிக்குத் தரும் டேட்டா அக்விசிஷன் கார்டு அதைக் கண்டுகொள்ளவில்லையா, நிகழ்வதற்குள் மென்பொருள் பொறுமை இழந்துவிட்டதா? மூன்றுக்கும் ஒரே எண்தான். அதனால் பலரும் டிரிக்கர் அளவைக் கூட்டியும் குறைத்தும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். தற்செயலாக ஒருமுறை ஓடிவிட்டால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மறுநாள் மறுபடியும் அதே எண் வந்து நிற்கிறது.

இந்தப் பழுதைத் தேடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. சிக்னலை எது, எந்த இடத்தில், எப்போது ஒப்பிட்டுப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும். என்ஐ நிறுவனத்தின் டாக்எம்எக்ஸ் டிரைவரையும், அதன் பிசிஐ-6251 கார்டையும் வைத்தே இதைச் சொல்கிறேன். கல்லூரி ஆய்வகங்களிலும் சோதனைக்கூடங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கார்டு அது. அதற்கு இருக்கும் கட்டுப்பாடுகள் புரிந்தால் மற்றவற்றின் நடத்தையும் பிடிபடும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். எஃகுக் குழாயில் நொடிக்கு 0.35 மீட்டர் வேகத்தில் தண்ணீர் ஓடுகிறது. வால்வைச் சட்டென்று மூடுகிறோம். ஓடிவந்த தண்ணீர் முட்டி நின்று, குழாய்க்குள் ஓர் அழுத்த அலை பாயும். இதை ‘வாட்டர் ஹேமர்’ என்பார்கள். அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 1200 மீட்டர் என்று வைத்தால், ரஷ்ய அறிவியலாளர் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட சூத்திரப்படி அழுத்தம் 4 பாருக்குச் சற்று மேல் எகிறும். ஓட்டத்தின்போது 3 பார் இருந்தால் உச்சம் 7 பாரைத் தொடும். அளப்பதற்கு 0 முதல் 10 பார் வரை காட்டும், 4 முதல் 20 மில்லிஆம்பியர் தரும் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. அந்த மின்னோட்டத்தை 250 ஓம் மின்தடை வழியாக விட்டால் 1 வோல்ட் முதல் 5 வோல்ட் வரை கிடைக்கும். ஒரு பாருக்கு 0.4 வோல்ட். ஓட்டத்தின்போது 2.2 வோல்ட். அழுத்தம் 5 பாரைத் தாண்டும்போது, அதாவது 3 வோல்ட்டில், பதிவு தொடங்க வேண்டும்.

ஒப்பிடுவது எது?

சிக்னலே தன் பதிவைத் தொடங்கிவைக்கும் ஏற்பாடு ஆசிலாஸ்கோப்பிலிருந்து வந்தது. 1947இல் டெக்ட்ரானிக்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்த 511 என்ற ஆசிலாஸ்கோப்தான் இதைச் சாதாரணப் பொறியாளரின் மேசைக்குக் கொண்டுவந்தது. டேட்டா அக்விசிஷன் கார்டில் இதே வேலை இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றில் நடக்கலாம். ஒன்று, கார்டுக்குள் இருக்கும் ஒப்பீட்டுச் சுற்று. சிக்னல் எண்ணாக மாறுவதற்கு முன்பே, மின்னழுத்தமாக இருக்கும்போதே அதைப் பார்க்கிறது. இன்னொன்று, கணினி. எல்லாச் சாம்பிள்களையும் இடைவிடாமல் வாங்கி, எண்களில் எது 3ஐத் தாண்டியது என்று தேடுகிறது. லேப்வியூவில் ‘டிரிக்கர் அண்ட் கேட்’ என்ற எக்ஸ்பிரஸ் விஐ (ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் துண்டு) செய்வது இந்த இரண்டாவது வேலையை. டாக்எம்எக்ஸில் ‘ஸ்டார்ட் அனலாக் எட்ஜ்’ என்று போட்டால் அது முதல் வேலையைக் கேட்கிறது.

முதல் வேலைக்கான சுற்று எல்லாக் கார்டிலும் கிடையாது. மாணவர்கள் அதிகம் வைத்திருக்கும் யூஎஸ்பி-6009இல் இல்லை. பிசிஐ-6221இல் இல்லை. 6251இல் இருக்கிறது. விலைப் பட்டியலில் இது பெரிதாகத் தெரியாது. ஆனால் கார்டு வாங்கும்போது சாம்பிள் வேகத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் பிறகு மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இல்லாத கார்டில் அனலாக் டிரிக்கர் கேட்டால் −200077 வரும். கேட்ட மதிப்பு இந்தப் பண்புக்கு ஏற்றதல்ல என்பது அதன் தலைப்புவரி. அதோடு பெட்டியை மூடிவிடக் கூடாது. கீழே தொடரும் வரிகளில் எந்தப் பண்பு, நீங்கள் கேட்டது என்ன, எதையெல்லாம் தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதியிருக்கும். தேர்வுகளில் ‘டிஜிட்டல் எட்ஜ்’ மட்டும் இருந்தால் கார்டில் அனலாக் சுற்று இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதே −200077, டிரிக்கர் அளவு சேனலின் (சிக்னல் நுழையும் உள்ளீட்டின்) வரம்புக்கு வெளியே போனாலும் வரும். அப்போது கீழ்வரிகளில் பெரும மதிப்பும் சிறும மதிப்பும் இருக்கும். எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு உதவி கேட்பவருக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. முழுச் செய்தியையும் நகலெடுங்கள்.

கார்டை இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், என்ஐயின் கருவிகளை அமைக்கும் மேக்ஸ் மென்பொருளில் அதே மாடலின் போலிக் கருவி ஒன்றை உருவாக்கி உங்கள் புரோகிராமை அதன்மேல் ஓட்டலாம். உண்மையான கார்டு எந்தப் பிழையைத் தருமோ அதையே அதுவும் தரும். காசு செலவழிப்பதற்கு முன் செய்துகொள்ளக்கூடிய இந்தச் சோதனையை ஏனோ அதிகம் பேர் செய்வதில்லை.

பிழையே வராத தவறு

பிழை எண் வந்தால் நல்லது என்றே சொல்வேன். வராத தவறுகள்தான் நேரத்தைத் தின்கின்றன. டிரிக்கர் அளவை எந்த அலகில் கொடுக்க வேண்டும்? சேனல் எந்த அலகில் அளக்கிறதோ அதே அலகில். சேனலை வெறும் வோல்ட்டாக உருவாக்கிவிட்டு, 5 பார் என்ற நினைப்பில் அளவுக்கு 5 என்று போட்டால், கார்டு 5 வோல்ட்டுக்குக் காத்திருக்கும். அது நம் டிரான்ஸ்மிட்டரில் 10 பார். நம் அலை அதைத் தொடவே போவதில்லை. வரம்பு ±10 வோல்ட் என்பதால் டிரைவர் எந்த ஆட்சேபமும் சொல்லாது. மாறாக, பாரில் காட்டும் ஸ்கேலை சேனலில் சேர்த்துவிட்டு, பழைய வோல்ட் கணக்கில் 3 என்று விட்டுவைத்தால், அது 3 பார். ஓட்டத்தின் சாதாரண அழுத்தமே அதுதான். வால்வைத் தொடுவதற்கு முன்பே டிரிக்கர் அடித்துவிடும்.

அடுத்தது விளிம்பு. ‘ரைஸிங்’ என்று தேர்ந்தெடுத்தால், சிக்னல் அளவுக்குக் கீழே இருந்து மேலே ஏற வேண்டும். ஏற்கனவே மேலே இருக்கும் சிக்னல் எவ்வளவு நேரம் அங்கே நின்றாலும் டிரிக்கர் ஆகாது. “மீட்டரில் 4 வோல்ட் காட்டுகிறது, டிரிக்கர் 3தான், ஆனாலும் வரவில்லை” என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுவே விடை.

இதோடு சேர்ந்தது ஹிஸ்டெரிசிஸ். இதைத்தான் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். எந்த சிக்னலிலும் இரைச்சல் உண்டு. 3 வோல்ட்டை மெல்லக் கடக்கும் சிக்னல் அந்தக் கோட்டைப் பலமுறை மேலும் கீழும் தாண்டும். ஒவ்வொரு தாண்டலையும் நிகழ்வாக எண்ணாமல் இருக்க, ஏறும்போது ஒரு கோடும் இறங்கும்போது அதைவிடத் தாழ்ந்த இன்னொரு கோடுமாக வைத்துக்கொள்கிறோம். இந்தச் சுற்றை 1934இல் அமெரிக்க மாணவர் ஓட்டோ ஷ்மிட் உருவாக்கினார். கணவாய் மீனின் நரம்பில் துடிப்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று ஆராய்ந்தபோது பிறந்தது அது. ஷ்மிட் டிரிக்கர் என்று அவர் பெயராலேயே இன்றும் புத்தகங்களில் இருக்கிறது.

டாக்எம்எக்ஸில் ஏறுமுக விளிம்புக்கு ஹிஸ்டெரிசிஸ் கொடுத்தால், சிக்னல் முதலில் ‘அளவு கழித்தல் ஹிஸ்டெரிசிஸ்’ என்ற கோட்டுக்குக் கீழே போக வேண்டும். அப்போதுதான் சுற்று தயாராகும். பிறகு அளவைத் தாண்டினால் டிரிக்கர். நம் சோதனையில் அளவு 3 வோல்ட், ஹிஸ்டெரிசிஸ் 0.2 வோல்ட் என்றால் 2.8க்குக் கீழே இருக்க வேண்டும். ஓட்டத்தில் 2.2 இருப்பதால் சிக்கல் இல்லை. இரைச்சல் அதிகம் என்று பயந்து ஹிஸ்டெரிசிஸை 1 வோல்ட் ஆக்கினால்? சிக்னல் 2 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் சுற்று தயாராகும். 2.2இல் நிற்கும் சிக்னல் அங்கே போவதே இல்லை. வால்வை மூடுகிறோம், அழுத்தம் 7 பார் வரை போகிறது, கார்டு அசையவில்லை.

இதில் இன்னொரு விபரீதமும் நடக்கலாம். அலை திரும்பி வரும்போது குழாயின் அழுத்தம் அடியோடு சரியும். அந்தச் சரிவில் சிக்னல் 2 வோல்ட்டுக்குக் கீழே போய்ச் சுற்று தயாராகிவிடும். அடுத்த முகடும் 5 பாரைத் தாண்டினால் டிரிக்கர் அடிக்கும். திரையில் அழகான வளைவு வரும். ஆனால் அது இரண்டாவது முகடு. முதல் முகடு, அதாவது நாம் தேடிவந்த உச்ச அழுத்தம், பதிவில் இல்லை. அறிக்கையில் குறைவான உச்சம் ஏறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராததால் யாருக்கும் சந்தேகமும் வராது. டிரிக்கர் வராமல் போவதைவிட இது மோசம். ஆகவே ஹிஸ்டெரிசிஸைத் தீர்மானிக்குமுன், டிரிக்கர் இல்லாமல் சிக்னலைத் தொடர்ந்து பதிவு செய்து, ஓய்வுநிலையில் அது எங்கே நிற்கிறது, இரைச்சலின் அகலம் எவ்வளவு என்று கண்ணால் பாருங்கள். ஓய்வுநிலைக்கும் அளவுக்கும் நடுவே, இரைச்சலைவிட அகலமாக, ஓய்வுநிலையைத் தொடாமல் வையுங்கள்.

ரொம்பச் சிறிதாக வைப்பதிலும் பயனில்லை. 6251இன் டிரிக்கர் சுற்று 10 பிட் கொண்டது. ±10 வோல்ட் வரம்பை 1024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 19.5 மில்லிவோல்ட். சிக்னலை எண்ணாக மாற்றும் சுற்றான ஏடிசி 16 பிட் என்று தெரிந்தவர்கள் டிரிக்கரும் அதே நுணுக்கத்தில் பார்க்கும் என்று நினைத்து 5 மில்லிவோல்ட் ஹிஸ்டெரிசிஸ் கொடுக்கிறார்கள். அந்த வரம்பில் அது ஒரு படிகூட இல்லை. சேனலின் வரம்பை ±5 வோல்ட்டாகக் குறைத்தால் படி பாதியாகும்.

மூன்று சேனல் போட்டதும் நின்றுபோவது ஏன்?

ஒரு சேனலில் ஒழுங்காக ஓடிய புரோகிராம், இன்னும் இரண்டு சேனல்களைச் சேர்த்ததும் பிழை காட்டும். இதற்குக் காரணம் கார்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. 6251 போன்ற கார்டுகளில் எல்லாச் சேனல்களுக்கும் சேர்த்து ஒரே பெருக்கி, ஒரே ஏடிசி. மல்ட்டிபிளெக்சர் சேனல்களை ஒவ்வொன்றாக அந்தப் பெருக்கியோடு இணைத்துப் பிரிக்கிறது. டிரிக்கர் சுற்று பார்ப்பது அந்தப் பெருக்கியிலிருந்து வெளிவருவதை. சேனல்கள் மாறிக்கொண்டே இருந்தால், அது ஒரு கணம் அழுத்தத்தையும் மறுகணம் வால்வின் நிலையையும் பார்க்கும்.

அதனால்தான் இரண்டு விதிகள். பதிவைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட் டிரிக்கர் என்றால், டிரிக்கர் சேனல் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும். பதிவு தொடங்கும்வரை மல்ட்டிபிளெக்சர் முதல் சேனலிலேயே நிற்பதால் இது சாத்தியம். நிகழ்வுக்கு முந்தைய தரவையும் சேர்த்துத் தரும் ரெஃபரன்ஸ் டிரிக்கர் என்றால், பதிவு ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும், மல்ட்டிபிளெக்சர் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே பட்டியலில் அந்த ஒரே சேனல்தான் இருக்கலாம். காரணம் புரிந்தவருக்கு விதிகளை மனப்பாடம் செய்யும் வேலை இல்லை. ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஏடிசி உள்ள 6356, 6366 போன்றவற்றில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

வாட்டர் ஹேமருக்கு மூன்று சேனல்களும் வேண்டும், நிகழ்வுக்கு முந்தைய தரவும் வேண்டும். வழி, ஏபிஎஃப்ஐ-0 என்ற தனி முனை. டிரிக்கருக்கென்றே உள்ள இந்த முனை மல்ட்டிபிளெக்சர் வழியாகப் போவதில்லை. அழுத்த சிக்னலைச் சேனலுக்கும் இந்த முனைக்கும் சேர்த்து இணைத்து, டிரிக்கரின் மூலத்தை ஏபிஎஃப்ஐ-0 என்று மாற்றினால் எத்தனை சேனலும் போடலாம்.

ஆனால் இணைத்த பிறகு அளவைச் சரிபாருங்கள். சாதாரண உள்ளீட்டுச் சேனலின் மின்தடை ஜிகாஓம் கணக்கில் இருக்கும், சிக்னலைத் தொந்தரவு செய்யாது. ஏபிஎஃப்ஐயின் உள்ளீட்டு மின்தடை வெறும் 10 கிலோஓம். நம் 250 ஓமோடு அது பக்க இணைப்பில் சேர்ந்தால் 243.9 ஓம் ஆகிவிடும். 2.4 சதவீதக் குறைவு. 3 பாரில் நிற்கும் அழுத்தம் திரையில் 2.87 என்று தெரியும். 3 வோல்ட் டிரிக்கர் 5 பாருக்குப் பதில் 5.19 பாரில் அடிக்கும். சென்சார் கெட்டுவிட்டதோ என்று அதைக் கழற்றி அளவுத்திருத்தத்துக்கு அனுப்புவார்கள். அது ஆய்வகத்தில் சரியாகவே காட்டும், திரும்பி வந்து மாட்டினால் மறுபடி தவறும். நடுவில், சிக்னலைப் பாதிக்காமல் நகலெடுத்துத் தரும் ஓர் ஆப்-ஆம்ப் பஃபர் வைப்பதே சரியான வைத்தியம். முடியாவிட்டால் ஸ்கேல் கணக்கில் 243.9ஐப் போட்டுவிடலாம்.

சில நேரம் வரும், சில நேரம் வராது

ரெஃபரன்ஸ் டிரிக்கரில் நிகழ்வுக்கு முந்தைய சாம்பிள்களும் கிடைக்கும். நொடிக்கு 10,000 சாம்பிள் வீதம் மொத்தம் 50,000 கேட்டு, அதில் 20,000 முன்பகுதி என்று வைத்தால், டிரிக்கருக்கு முன் 2 நொடி, பின் 3 நொடி. அந்த 20,000 சாம்பிள்கள் நிரம்பும்வரை வரும் டிரிக்கரைக் கார்டு ஏற்காது. புரோகிராமை ஓட்டிய ஒன்றரை நொடியில் வால்வை மூடினால் அந்த நிகழ்வு போனதுதான். அனுபவசாலி நிதானமாக வால்வுக்கு நடந்துபோய் மூடுகிறார், பதிவு வருகிறது. புதியவர் ஒரு கையில் மவுஸ், மறுகையில் வால்வு என்று உடனே மூடுகிறார், வரவில்லை. பழியோ கார்டின் மேல் விழுகிறது. இரண்டு நொடி கழித்தே ‘தயார்’ விளக்கு எரியும்படி திரையை அமைத்தால் தீர்ந்தது.

எதிர்முனையிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. டாக்எம்எக்ஸ் ரீட், நேரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 10 நொடி மட்டுமே காத்திருக்கும். பதினைந்தாவது நொடியில் வால்வை மூடினால், மென்பொருள் ஏற்கனவே −200284 சொல்லிவிட்டு வெளியேறியிருக்கும். −1 என்று கொடுத்தால் முடிவில்லாமல் காத்திருக்கும். ஆனால் நிகழ்வு வராவிட்டால் நிறுத்து பொத்தானும் வேலை செய்யாமல் திரை உறைந்து நிற்கும். குறுகிய நேரத்துக்கு மறுபடி மறுபடி கேட்டு, −200284 வந்தால் அதை மட்டும் கடந்து சுழலும் லூப்பே எனக்குப் பிடித்தது. அந்த ஒரு எண்ணை மட்டும் விலக்குங்கள். எல்லாப் பிழைகளையும் விழுங்கும் லூப் பெரிய ஆபத்து.

காரணமே இல்லாமல் அடிக்கும் டிரிக்கர்

வால்வை யாரும் தொடவில்லை, டிரிக்கர் அடித்துவிட்டது. பதிவைப் பார்த்தால் சிக்னல் 2.2 வோல்ட்டில் அமைதியாக இருக்கிறது, 3ஐ நெருங்கவே இல்லை. பலர் இங்கேதான் கார்டு பழுது என்று முடிவு கட்டுகிறார்கள். வன்பொருள் டிரிக்கர் சாம்பிள் வேகத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. நொடிக்கு 10,000 என்றால் இரண்டு சாம்பிள்களுக்கு நடுவே 100 மைக்ரோநொடி இடைவெளி. பக்கத்து விஎஃப்டியிலிருந்து (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவியிலிருந்து) 20 மைக்ரோநொடி அகலமுள்ள ஒரு ஊசிமுனைத் துடிப்பு வந்தால், ஒப்பீட்டுச் சுற்று அதைப் பார்த்துவிடும். ஏடிசி பெரும்பாலும் பார்க்காது. டிரிக்கருக்கான சாட்சி பதிவில் இருக்காது.

சாம்பிள் வேகத்தைக் கார்டு அனுமதிக்கும் உச்சத்துக்கு ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஊசி தெரிந்துவிடும். ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த் ஆகியிருக்கிறதா, சிக்னல் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் போகிறதா என்று அதன்பின் தேடலாம். டிரிக்கர் முனைக்கு முன்னால் 1 கிலோஓம், 0.1 மைக்ரோஃபாரட் வைத்தால் 1.6 கிலோஹெர்ட்ஸ் அளவில் வெட்டும் எளிய வடிகட்டி கிடைக்கும். ஏபிஎஃப்ஐயில் வைப்பதானால், அந்த 1 கிலோஓமும் உள்ளே இருக்கும் 10 கிலோஓமும் சேர்ந்து சிக்னலைப் பதினொன்றில் ஒரு பங்கு குறைத்துவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஹிஸ்டெரிசிஸைக் கூட்டுவது இங்கே உதவாது. அளவையே தாண்டும் ஊசியை அது தடுக்காது.

கணினியே ஒப்பிட்டால் என்ன?

வன்பொருள் டிரிக்கர் இல்லாதவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல. தொடர்ந்து வாங்கிக்கொண்டே சாம்பிள்களில் தேடும் முறை, வாட்டர் ஹேமர் போன்ற மில்லிநொடிக் கணக்கு நிகழ்வுகளுக்குத் தாராளமாகப் போதும். மேட்லாபின் டேட்டா அக்விசிஷன் டூல்பாக்ஸில் அனலாக் டிரிக்கர் தேவைப்படுபவர்கள் செய்வதும் இதைத்தான். எந்தச் சேனலையும் டிரிக்கராக்கலாம், இரண்டு சேனல்களின் வித்தியாசத்தைக்கூட ஆக்கலாம். இரைச்சலைச் சராசரியெடுத்து நீக்கிவிட்டு ஒப்பிடலாம். இந்தச் சுதந்திரம் வன்பொருளில் இல்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. சாம்பிள்கள் துண்டு துண்டாக வரும். 1000 சாம்பிள் கொண்ட துண்டில் 998ஆவது இடத்தில் கடப்பு நிகழ்ந்தால், பின்பகுதி அடுத்த துண்டில் இருக்கும், முன்பகுதி முந்தைய துண்டில். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக ஆராயும் புரோகிராம் இப்படித் தையலில் விழும் நிகழ்வுகளை அரைகுறையாகப் பதியும். கடப்பு சரியாக இரண்டு துண்டுகளுக்கு நடுவே விழுந்தால் முற்றிலும் தவறவிடும். கடைசிச் சில நொடிகளை எப்போதும் வைத்திருக்கும் சுழல் பஃபர் ஒன்று வேண்டும்.

ஓடும் இயந்திரத்தை உடனடியாக நிறுத்துவது போன்ற, மைக்ரோநொடியில் வேறொரு கருவியை இயக்க வேண்டிய இடத்துக்கு இந்த முறை ஆகாது. கணினி எப்போது பதில் சொல்லும் என்பது விண்டோஸின் கையில் இருக்கிறது.

அடுத்தடுத்து வரும் நிகழ்வுகளைப் பதிபவர்களுக்கும் கணினியில் ஒப்பிடும் முறையையே சிபாரிசு செய்வேன். வன்பொருள் டிரிக்கரில் ஒவ்வொரு முறையும் டாஸ்க்கை (பதிவு வேலையை) நிறுத்தி மறுபடி தொடங்கும் நேரத்தில் கார்டு குருடாக இருக்கும், அதற்குள் வரும் நிகழ்வு தொலைந்துபோகும். என்ஐயின் பிந்தைய வரிசையான எக்ஸ் சீரிஸ் கார்டுகளில் ஸ்டார்ட் டிரிக்கரை ‘ரீட்ரிக்கரபிள்’ என்று அமைக்கலாம், கார்டே தன்னை மறுபடி தயார்படுத்திக்கொள்ளும். 6251 இருக்கும் எம் சீரிஸில் அனலாக் உள்ளீட்டுக்கு அந்த வசதி இல்லை. அங்கே கவுண்டரை வைத்து ஒவ்வொரு டிரிக்கருக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கைத் துடிப்புகளை உண்டாக்கி, அவற்றைச் சாம்பிள் கிளாக்காகக் கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டிலும் நிகழ்வுக்கு முந்தைய தரவு கிடைக்காது. முன்பகுதியும் வேண்டும், அடுத்தடுத்தும் வேண்டும் என்றால் தொடர் பதிவும் சுழல் பஃபரும்தான் வழி.